சூசையம்மாவின் துண்டு நிலமும் லண்டன் அப்பீலும்

சூசையம்மாவிடம் ஒரு தடவை வாய் கொடுத்தவன் மறு தடவை கொடுக்கமாட்டான். மாத்தளை டவுனில் மிளகு யாவாரம் பண்ணியவர்கள், தராசு பிடித்தவர்கள், லொறி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மாதா கோயிலில் பூசை முடிந்து சாமியார் கைகூப்பினால்கூட, "போன கிழமை என் தோட்டத்து வாழக்கொலைக்கு காசு வரல சாமி" என்று கேட்கிறவள். அவளுக்கு நல்ல குணம் இருந்ததாக அவளுடைய புருசனே சொன்னதில்லை. புருசன் செபஸ்தியன் நல்ல மனிதன். அதாவது எதற்கும் உதவாதவன்.

அவள் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலிக்காரர்களின் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. தோட்டத்தில் வேலையும் குறைந்து, மாவும் கிடைக்காமல் போனபோது, செபஸ்தியனை இழுத்துக்கொண்டு மலையிறங்கினாள். ராஜநாயகம் முதலாளியின் மிளகு ஸ்டோரில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அவனுக்கு மூட்டை தூக்கல். அவளுக்கு மிளகு புடைத்துக் காம்பும் கல்லும் பொறுக்கல். கொஞ்ச காலத்தில் பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் அவளே தலைவியாகிவிட்டாள். யாரும் நியமிக்கவில்லை. அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

முதலாளிக்குப் பலாபத்வலையில் ரோட்டுக்கு உள்ளே ஒரு மிளகுத் தோட்டம் இருந்தது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று சூசையம்மாவை அங்கே குடி வைத்தார். சுவருக்கு மண் குழைத்தவள் அவள். கூரைத் தகரம் அவள் சீட்டுப் பிடித்து வாங்கியது. நிலம் மட்டும் முதலாளியுடையது. அந்த நிலம்தான் அவளுக்கு வேண்டும். வீடு நிற்கிற துண்டு, பின்னால் நாலு மிளகுக்கொடி, ஒரு பலா. அவ்வளவு போதும். லயத்தில் பிறந்து லயத்திலேயே பிள்ளை பெற்று, செத்தபோது புதைக்கிற குழியைக்கூடத் தோட்டத்துத் தொரையிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்த தாய்க்கு மகள் அவள். மண் என்று ஒன்று தன் பேரில் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாள். ஆசை என்றால் கெஞ்சுகிற ஆசை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிற ஆசை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஸ்டோர் எரிந்தது. மாத்தளையில் எரிந்த கடைகளில் அதுவும் ஒன்று. முதலாளி அதைத் திரும்பக் கட்டினார், ஆனால் பாதிதான் கட்டினார். அதற்குப் பிறகு முக்கியமான சாமான் எதையும் டவுனில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கணக்குப் புத்தகம் ஒரு வீட்டில், நகை ஒரு வீட்டில், தராசுப் படிக்கற்கள்கூட மச்சான் வீட்டில் என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்.

எண்பத்தைந்தில் ஒரு ஜெர்மன் கம்பனிக்கு அவர் மிளகு அனுப்பியதில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த வருசம் மழை விடவே இல்லை. பல்லேபொலப் பக்கத்துச் சிங்கள வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தது, முற்றத்தில் காயப் போட்ட வாக்கிலேயே நனைந்து, அள்ளி, மறுபடி விரித்து, மறுபடி அள்ளி வந்த மிளகு. கப்பலுக்கு நாள் கிட்டிவிட்டது. சூசையம்மா சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"இது காயல மொதலாளி."

"காஞ்சது போதும். தைக்கச் சொல்லு."

"கைல ஒட்டுது. இத ஏத்துனா கடல்லயே பூசணம் பூத்துரும்."

"கப்பல் ஒன் அப்பன் வீட்டுதா? வாய மூடிக்கிட்டு தைக்கச் சொல்லு."

"எங்கப்பன் வீட்டுக் கப்பலா இருந்தா இந்த மொளக ஏத்தவே விட்டிருக்கமாட்டேன்" என்றாள் அவள், எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி. கிருஷ்ணம்மா சிரித்துவிட்டாள். றஹீமா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள். முதலாளியின் முகம் கறுத்துப்போனது. ஆனால் சாக்குகள் தைக்கப்பட்டன.

கொழும்பிலிருந்து சரக்குப் பார்க்கிற ஆள் வந்தான். ஒவ்வொரு சாக்கிலும் ஊசிக்குழலைக் குத்திக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தான். எல்லாவற்றையும் கலந்து இரண்டு துணிப் பைகளில் சரிபாதியாகப் போட்டுத் தைத்து, அரக்கு முத்திரை வைத்தான். ஒரு பை வாங்குகிறவனுக்கு, ஒரு பை விற்கிறவனுக்கு. கப்பலேறும்போது சரக்கு எப்படி இருந்தது என்பதற்கு நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அந்த இரண்டு பைகளும்தான் சாட்சி. அவன் தன் சான்றிதழில் ஈரம் இவ்வளவு என்று எழுதினான். அந்த அளவு, விடக்கூடிய எல்லைக்குச் சரியாக உள்ளே நின்றது. எப்படி நின்றது என்று சூசையம்மா கேட்கவில்லை. அவனுக்கு முதலாளி வீட்டில் பகல் சாப்பாடு நடந்ததை மட்டும் பார்த்தாள்.

தங்கள் பையை முதலாளி டவுனில் வைப்பாரா? சூசையம்மாவிடம் கொடுத்து, "வீட்டுல வை. நனைய விடாத, எலி கடிக்க விடாத, யாரும் தொட விடாத" என்றார்.

அவள் வைத்தாள். எங்கே வைத்தாள் என்றால், மாத்தளை மலைப்பக்கத்தில் எல்லாரும் வைக்கிற இடத்தில்தான். மழைக்காலத்தில் இங்கே சுவர் வியர்க்கும். பெட்டிக்குள் வைத்த சேலை நாறும். நனையக் கூடாத சாமானுக்கு வீட்டில் இருக்கிற ஒரே நல்ல இடம் அடுப்புக்கு மேலே உள்ள பரண். விதை அங்கே. சாதிக்காய் அங்கே. ஞானஸ்நானக் கடதாசியும் அங்கே. பையையும் அங்கேதான் வைத்தாள். காலையும் மாலையும் கீழே விறகு எரிந்தது.

சரக்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. சாக்கைத் திறந்தால் வெள்ளை பூத்திருக்கிறது என்று கம்பனி தந்தியடித்தது. ஈர மிளகை ஏற்றி ஏமாற்றிவிட்டாய் என்றார்கள். ஏற்றும்போது காய்ந்துதான் இருந்தது, கப்பலின் அடியறை வியர்த்து நனைந்திருக்கும், அதைக் கப்பல்காரனிடம் கேள் என்று முதலாளி பதில் அடித்தார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி தகராறு லண்டனிலுள்ள ஒரு மிளகு யாவாரிகள் சங்கத்துக்குப் போனது. அங்கே யாவாரம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்களாம்.

முதலாளிக்காகக் கடதாசி எழுதியவர் புஹாரி. கொழும்பில் கப்பல் கடதாசி வேலை பார்க்கிற மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை. அவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி ஒரு நாள் பலாபத்வலைக்கு வந்தார். சூசையம்மாவிடம் அவர் இதமாகப் பேசியது அன்றுதான்.

"சூசையம்மா, அன்னைக்கு ஸ்டோர்ல நீ பேசுனது எதுவும் வெளிய போகக் கூடாது."

"எது? கைல ஒட்டுச்சுன்னு சொன்னதா?"

"அதத்தான் சொல்றேன். வழக்கு நம்ம பக்கம் முடிஞ்சா, நீ இருக்கிற இந்தத் துண்ட ஒன் பேருக்கு எழுதித் தர்றேன். புஹாரி சாட்சி."

புஹாரி தலையாட்டினார். சூசையம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயை விலைக்குக் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. விலை நல்ல விலை. மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் மூடியது அந்த ஒரு தடவைதான்.

முதல் தீர்ப்பு முதலாளி பக்கம் வந்தது. குற்றம் சொல்கிறவன்தான் அதைக் காட்ட வேண்டும். ஏற்றும்போதே ஈரமாக இருந்தது என்று கம்பனி காட்டவில்லை, முத்திரைப் பைகளைத் திறக்கச் சொல்லியும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு பூத்ததைக் காட்டினால் போதாது. இதுதான் தீர்ப்பு. முதலாளி ஸ்டோரில் எல்லாருக்கும் பிளேன்டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். சூசையம்மா கேக்கைத் தொடவில்லை.

"எப்ப எழுதுறீங்க?"

"என்னத்த?"

"என்னத்தன்னு கேக்குறீங்க. துண்ட."

"அவசரப்படாத. அவன் அப்பீல் போட்டிருக்கான்."

சூசையம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியும். ஆனால் மிளகுக்கும் அது உண்டு என்று தெரியாது. பக்கத்தில் நின்ற புஹாரியைப் பிடித்துக்கொண்டாள். முஸ்லிம் ஆட்களை ஊரில் அண்ணன் முறையில் கூப்பிடுகிறபடி அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, தீர்ப்பு வந்தாச்சுல்ல? திரும்ப என்னத்தக் கேக்கப் போறான்?"

"மொத ரெண்டு பேர் சொன்ன தீர்ப்பு சரியா பிழையான்னு வேற அஞ்சு பேர் பாப்பாங்க."

"அந்த ரெண்டு பேரும் இருப்பாங்களா?"

"இருக்க ஏலாது. தான் சொன்னத தானே பிழைன்னு யாரு சொல்லுவான்? அதனால மொதல்ல கேட்டவன் மேல உக்கார ஏலாது."

"அந்த அஞ்சு பேருக்கு மேல ஏழு பேர் இருக்கானா?"

"இல்ல. மொளகு நல்லதா கெட்டதாங்கிறது அவங்களோட முடிஞ்சுது."

"அப்ப மொதல்லயே அந்த அஞ்சு பேருகிட்ட போயிருக்கலாமே. ரெண்டு பேரு எதுக்கு, கேக்குக்கா?"

புஹாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, ஒங்களுக்கு வெளங்காது. அப்பீல்னா எல்லாத்தையும் முதல்லருந்து கிண்டுறதில்ல. கீழ கேக்காத விசயத்த மேல போய்ப் புதுசா கேக்க ஏலாது. கீழ காட்டாதத மேல காட்ட ஏலாது. கம்பனி கைல ஒண்ணும் இல்ல. பேசாம இருந்தாலே நாம ஜெயிச்சிருவோம்."

"பேசாம இருந்தா ஜெயிக்கலாம்னா, ஒங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்று கேட்டுவிட்டு அவள் சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் கம்பனிக்காரன் சும்மா இருக்கவில்லை. முத்திரை வைத்த இரண்டு பைகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று அப்பீல்காரர்களிடம் கேட்டான். கீழே கேட்காததை மேலே கேட்கிறான், விடாதீர்கள் என்று புஹாரி எழுதினார். அது புதுச் சாட்சி இல்லை, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிற பை, முதலிலிருந்தே இரண்டு பேர் கையிலும் இருந்தது, இரண்டு பேரும் சம்மதித்தால் திறக்கலாம் என்று பதில் வந்தது. சம்மதித்தால். முதலாளி முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதோடு போயிருக்கும்.

அந்தக் கடதாசியோடு இரண்டு பேரும் மறுபடி பலாபத்வலைக்கு வந்தார்கள். சூசையம்மா அடுப்பில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். புஹாரி வாசலிலேயே நின்றார். முதலாளி குனிந்து உள்ளே வந்தார்.

"பை எங்க?"

அவள் பரணைக் காட்டினாள். முதலாளி கை நீட்டி எடுத்தார். கையில் தூக்கிப் பார்த்தார். விரலால் அமுக்கினார். உள்ளே மிளகு கூழாங்கல் போலக் கலகலத்தது. கொடுத்தபோது அந்தப் பை எப்படிக் கனத்தது என்று கொடுத்தவருக்குத் தெரியும். ஏற்றிய மிளகு எப்படி இருந்தது என்றும் தெரியும். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லாக் காஞ்சிருக்கு."

"ஈரம் அண்டாம வச்சிருக்கேன். எலிப் பல்லுகூடப் படல" என்றாள் சூசையம்மா.

"நல்ல எடத்துலதான் வச்சிருக்கே."

வாசலில் நின்றபடியே புஹாரி சொன்னார்: "மொதலாளி, அனுப்ப வேணாம். தீர்ப்பு நம்ம கைல இருக்கு. அத ஒடைக்கிற பொறுப்பு அவன்ட. நாம எதுக்கு அவனுக்கு ஒரு சாமானத் தேடிக் குடுக்கணும்?"

"சாமான் நல்லா இருக்கே."

"நல்லா இருந்தாலும் வேணாம்."

சூசையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வழக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுதோ அவ்வளவு சீக்கிரம் துண்டு அவள் கைக்கு வரும். அதுவுமில்லாமல், அவள் காத்த சாமானை அனுப்ப வேண்டாம் என்று ஒருத்தன் வாசலில் நின்று சொல்வதா?

"ஏன் நானா, நான் வச்சிருந்தா அதுல குத்தமா? அனுப்புங்க மொதலாளி. அவன் பையும் வரட்டும், நம்ம பையும் போகட்டும். திறந்து பாத்துட்டு வாய மூடிக்கிட்டுப் போகட்டும்."

"அதானே" என்றார் முதலாளி.

பை லண்டனுக்குப் போனது.

தீர்ப்பு வர மழை முடிந்து வெயில் வந்து மறுபடி மழை வந்துவிட்டது. இந்தத் தடவை பிளேன்டீ இல்லை, கேக்கும் இல்லை. ஸ்டோர் முற்றத்தில் பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருக்கும்போது முதலாளி கடதாசியோடு வெளியே வந்தார். பின்னால் புஹாரி. முதலாளி எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"எவ சொன்னா ஒன்ன அடுப்புக்கு மேல வைக்கச் சொல்லி?"

சூசையம்மா சுளகைக் கீழே வைத்தாள். "என்ன நடந்துச்சு?"

நடந்தது இதுதான். இரண்டு பக்கத்து ஆட்களும் பார்த்திருக்க, லண்டனில் இரண்டு பைகளையும் பிரித்தார்கள். கம்பனியின் பையில் மிளகு பூத்திருந்தது. முதலாளியின் பையில் மிளகு எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. சான்றிதழில் எழுதியிருந்த ஈரத்தைவிட மிகவும் குறைவு. பையைத் திறந்ததும் விறகுப் புகை வாசம் அடித்தது. ஒரே சாக்குகளிலிருந்து ஒரே ஆள் எடுத்த மிளகு இரண்டு விதமாக இருக்க முடியாதே என்றார்கள். முத்திரை உடையவில்லை, சரி. ஆனால் முத்திரை வைத்த அன்று இருந்த நிலையில் சாமான் இல்லை. நிலை மாறிய சாட்சி சாட்சி இல்லை. அது மட்டுமா? சரக்கு நல்ல சரக்காக இருந்தால் மாதிரியை எதற்குப் புகையில் போட்டு வாட்ட வேண்டும்? வாட்டினவன் ஏதோ மறைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டுகிற பொறுப்பு கம்பனி தலையிலிருந்து முதலாளி தலைக்கு மாறிவிட்டது. முதல் தீர்ப்பு ரத்து.

புஹாரி இதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை முதலாளி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார்.

"என் கழுத்த அறுத்துட்டா" என்றார். "படிக்காத முண்டம். இத நம்பி சாமானக் குடுத்தேன் பாரு."

"மொதலாளி, மரியாத. நீங்க வந்து பாத்தீங்க. பைய அமுக்குனீங்க. நல்ல எடத்துல வச்சிருக்கேன்னு யாரு சொன்னது?"

"நான் எதுவும் சொல்லல."

"புஹாரி நானா வாசல்ல நின்னாருல்ல, கேளுங்க" என்று அவள் புஹாரி பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க நானா. நீங்க அனுப்ப வேணாம்னு சொன்னீங்க. அது நான் மறைக்கல. நானும் அனுப்பச் சொன்னேன், அதையும் மறைக்கல. மொதலாளி என்ன சொன்னாரு?"

புஹாரி முதலாளியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். "நான் வெளியதானே நின்னேன். சரியா கேக்கல" என்றார்.

"காது நல்லாத்தானே இருந்துச்சு. சாட்சிக்குத் தலையாட்டுறப்ப கேட்டுச்சுல்ல?"

புஹாரி சட்டைப் பையிலிருந்த பேனையைத் தொட்டுப் பார்த்தார், அது ஓடிவிட்டதோ என்பது போல.

"லண்டன்ல ரெண்டு பக்கத்தையும் நிக்க வச்சுத்தானே கேட்டாங்க" என்றாள் சூசையம்மா. "இங்க மட்டும் ஒரு பக்கமா? குத்தம் சொல்றதும் நீங்க, தீர்ப்பு சொல்றதும் நீங்களா?"

"ஆமா. இது லண்டன் இல்ல. என் ஸ்டோர். மொத தீர்ப்பும் நான்தான், அப்பீலும் நான்தான். நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம். வீட்டையும் காலி பண்ணிரு."

"துண்டு?"

"எந்தத் துண்டு?"

பெண்கள் குனிந்து கல் பொறுக்கினார்கள். கிருஷ்ணம்மா மட்டும் சுளகிலிருந்த மிளகை முதலாளியின் கால்பக்கமாகத் தட்டிக் கொட்டினாள். கைதவறி என்று சொல்லலாம். அதற்கு மேல் அவளாலும் முடியாது, வீட்டில் மூன்று வாய்கள்.

சூசையம்மா அழவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னார், செய்தாள். செபஸ்தியனை ஏணியில் ஏற்றிக் கூரைத் தகரம் ஒவ்வொன்றையும் ஆணி பிடுங்கிக் கழற்றினாள். கதவு, நிலை, ஜன்னல் பலகை எல்லாம் கழன்றது. ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது நாலு மண் சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. அடுத்த மழையில் அதுவும் கரைந்து போனது. முதலாளி ஆள் அனுப்பித் தகரத்தைக் கேட்டபோது, "வந்து புடுங்கிக்கிட்டுப் போகச் சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். யாரும் வரவில்லை.

பல்லேபொலையில் ஒரு சிங்கள அம்மாவின் தோட்டத்து மூலையில் குடிசை போட்டாள். மிளகு பறிக்கிற காலத்தில் பறித்தாள், மற்றக் காலத்தில் ஆடு வளர்த்தாள். ராஜநாயகத்தைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதற்கு அவளிடம் புதுப் புது வார்த்தைகள் இருந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது. புஹாரியைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள், காறித் துப்புவாள். அது இன்னும் மோசம்.

பிறகு எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வந்தது, சிங்களக் கிளர்ச்சிப் பையன்களும் ராணுவமும் மோதிக்கொண்ட காலம். மாத்தளையில் அந்தக் காலத்தை அனுபவித்தவனுக்கு விளக்கம் வேண்டாம். சுவரில் ஒட்டின நோட்டீசுக்கு ஒரு பயம், ரோட்டில் வந்த ஜீப்புக்கு ஒரு பயம். கடையைத் திற என்று ஒருத்தன், மூடு என்று ஒருத்தன். காலையில் ரோட்டோரம் யார் கிடக்கிறார்கள் என்று பார்க்காமல் பஸ்ஸுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ராஜநாயகம் முதலாளியின் தோட்டத்தில் காவலுக்கு ஆள் நிற்கவில்லை. வைத்த காவல்காரன் ஒருத்தன் ஓடினான், அடுத்தவன் திருடர்களோடு சேர்ந்துகொண்டான். கொடியில் மிளகு சிவக்கும் முன்னே எவனோ உருவிக்கொண்டு போனான். இரண்டு போகம் முதலாளிக்கு ஒரு சாக்கும் வரவில்லை.

தொண்ணூறில் ஊர் கொஞ்சம் மூச்சு விட்டபோது, ஒரு நாள் அவர் திரீவீல் ஆட்டோவில் பல்லேபொலைக்கு வந்து இறங்கினார். சூசையம்மா பாய் மேல் கொட்டிய மிளகுச் சரத்தைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"எப்படி இருக்கே?"

"நீங்க அனுப்புன எடத்துல இருக்கேன்."

"பழச விடு சூசையம்மா. தோட்டத்துக்கு வா. ஒன் வாய்க்கு எந்தக் கள்ளனும் கிட்ட வரமாட்டான். அந்தத் துண்ட எழுதித் தர்றேன்."

"எப்ப?"

"வா மொதல்ல. காய் முத்தப் போகுது."

"எழுதுங்க மொதல்ல. காய் அதுபாட்டுக்கு முத்தட்டும்."

முதலாளி வெயிலில் நின்றார். உட்காரச் சொல்வாள் என்று பார்த்தார். அவள் சொல்லவில்லை. "சரி, நாளைக் கழிச்சு நொத்தாரிசுகிட்ட வா" என்று திரீவீலில் ஏறிப் போனார்.

மாத்தளை நீதிமன்றத்துக்குக் கிட்ட, காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் அறை. சிங்களவர், எல்லாருக்கும் அவர் மாத்தயா, அதாவது ஐயா. செபஸ்தியனை வாசலில் நிறுத்திவிட்டு சூசையம்மா உள்ளே போனாள். தோட்டத்து ஆட்களுக்கு நெடுங்காலம் மறுத்திருந்த பிரஜாவுரிமையும் அப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது. அடையாள அட்டையை மேசையில் ஓங்கி வைத்தாள். நொத்தாரிசு எழுதி வைத்திருந்த உறுதிப் பத்திரத்தைச் சிங்களத்தில் வாசித்தார். எல்லைகள், பலா மரம், கால்வாய் எல்லாம் சரியாக வந்தது. கடைசியில், மேற்படி நன்கொடையைச் சூசையம்மா என்பவர் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறார் என்று வாசித்தார்.

"அது எதுக்கு மாத்தயா?" என்று சிங்களத்திலேயே கேட்டாள்.

"எது?"

"நன்றி."

"நன்கொடைன்னா அப்படித்தான் எழுதுறது. வாங்குறவர் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும்."

"ஏத்துக்கிறேன். நன்றி இல்லன்னா என்ன ஆகும்?"

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ரொம்ப நன்றி கெட்ட வேலை ஏதாவது பண்ணினா, குடுத்தவர் கோட்டுக்குப் போய் நன்கொடையத் திருப்பி எடுத்துக்கலாம். அப்படி ஒரு சட்டம் இருக்கு. யாரும் போறதில்ல."

சூசையம்மா முதலாளியை நோக்கித் திரும்பினாள். முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுக்கும் மேல ஒரு எடம் இருக்கு" என்றாள். "ஜெயிச்சுட்டு திரும்பத் தோக்குற கூத்தெல்லாம் நான் ஒரு தடவ பாத்துட்டேன் மாத்தயா. எப்படி எழுதுனா திரும்ப எடுக்க முடியாது?"

"விலைக்கு வாங்கினா முடியாது. விற்பனை உறுதி எழுதினா வித்தது வித்ததுதான்."

"அப்ப வெலைக்கு எழுதுங்க."

"சூசையம்மா" என்றார் முதலாளி. "சும்மா தர்றேங்கிறேன். ஒனக்கென்ன கிறுக்கா?"

"நீங்க சும்மா தந்தா நான் நன்றியோட இருக்கணுமாம். என்னால முடியாது. நான் நன்றி இல்லாமத்தான் இருக்கப் போறேன். அத இப்பவே சொல்லிட்டேன், பிறகு கோட்டுல போய்ச் சொல்ல வேணாம்."

நொத்தாரிசு சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார்.

"காசுக்கு எங்க போவே?" என்று முதலாளி கேட்டார்.

"ஆடு இருக்கு. அடுத்த கிழமை வாங்க."

"இன்னொரு தடவ நான் வரணுமா?"

"வேணும்னா வாங்க. இல்லாட்டி தோட்டத்த கள்ளனுக்கு எழுதிக் குடுங்க. அவன் நன்றியோட இருப்பான்."

அடுத்த கிழமை ராஜநாயகம் முதலாளி வந்தார். சந்தையில் ஆடு விற்ற பணத்தைச் சூசையம்மா நொத்தாரிசுக்கு முன்னால் அவர் கையில் கொடுத்து, வாங்கினேன் என்று சொல்ல வைத்தாள். புது உறுதியை நொத்தாரிசு ஒரு தடவை வாசித்தார். அவள் மறு தடவையும் வாசிக்கச் சொன்னாள். நன்றி என்ற சொல் எங்கேயும் இல்லை. முதலாளி கையெழுத்துப் போட்டார், சாட்சிகள் போட்டார்கள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்த செபஸ்தியனுக்கு முகமெல்லாம் பல். அவனை அவள் ஒரு முறை முறைத்தாள், பல் உள்ளே போனது.

பேனையை மூடிக்கொண்டே முதலாளி கேட்டார்: "இப்பவாவது கோவம் போச்சா?"

"போகல."

"தோட்டத்தப் பாத்துக்குவேல்ல?"

சூசையம்மா உறுதியை இரண்டாக மடித்துச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

"என் துண்டப் பாத்துக்குவேன்" என்றாள். "எந்திரிங்க மொதலாளி, மத்த ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."